ஐந்து பெட்டி, மூன்று பெட்டி

செம்பவாங், ஒன்பதாவது மாடி, இரவு ஒன்றரை.
உலாவியில் ஒரு வெள்ளை வட்டம்,
அதற்குள் இன்னொரு வட்டம்.
நாலு வரியில் உருவம் வந்துவிட்டது.
நிறத்துக்குத்தான் இரண்டு மணி நேரம்:
கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து
மங்கிய பிளாஸ்டிக்கின் அந்த வெள்ளைக்கு
எண் எதுவும் பொருந்தவில்லை.

சக்கரம் சுற்றினால் பட்டியல் இறங்க வேண்டும்.
சொல்ல எளிது.
விரல் எங்கே, மையம் எங்கே, நடுவில் என்ன கோணம்?
உயர்நிலை மூன்றில் கோட்டைவிட்ட கணக்கு
வீவக வீட்டு எண் விசாரித்து வந்து நிற்கிறது.
பன்னிரண்டு பாகைக்கு ஒரு 'டிக்'.
முந்நூற்று ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது,
அடுத்தது பூஜ்யம்.
அந்த இடத்தில் மட்டும் பட்டியல் மிரண்டு
ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போகிறது.
கோட்டைத் தாண்டியதை
திரும்பி ஓடியதாக எண்ணிக்கொள்கிறது.
முன்னால்தான் போகிறாய், பயப்படாதே என்று
அதற்கு ஏழு வரியில் எழுதிக் காட்டினேன்.

அளவு பார்க்க மேசையில் ஓர் அசல்.
ஈசூன் எம்ஆர்டியில்
கட்டண வாயிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே
ஒருத்தி நீட்டினாள், நாற்பது வெள்ளி.
"ஓடாது, தெரியும்தானே?"
தெரியும்.

என்னுடையது ஓடியது, இரண்டாயிரத்து ஐந்தில், தெக்கோங்கில்.
கேமரா வைத்த கைப்பேசிகளை
முகாம் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.
இதற்குக் கண் இல்லை, உள்ளே விட்டார்கள்.
விளக்கணைந்ததும்
இடது காது ஹைக்கலுக்கு, வலது எனக்கு.
இரண்டு கட்டிலுக்கும் நடுவே
வெள்ளைக் கம்பி துணிக்கொடிபோல் தொங்கும்.
யாராவது கழிப்பறைக்கு எழுந்தால்
இருவரும் பிணம்.

அந்தக் கருவிக்குத் தமிழ் வராது.
பாட்டின் பெயரெல்லாம் வெற்றுக் கட்டங்கள்,
இன்னும் யாரும் குடிவராத புளோக்கின்
சன்னல் வரிசை மாதிரி.
ஹைக்கலுக்கும் தமிழ் வராது.
அதனால் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை.
"அஞ்சு பெட்டி, இடைவெளி, மூணு பெட்டி.
அதைப் போடு."
ஒவ்வொரு இரவும் அதையே.

இப்போது உலாவிக்குத் தமிழ் கொஞ்சமும் பிசகவில்லை.
கொம்பும் காலும் அச்சடித்தாற்போல் நிற்கின்றன.
பாட்டுத்தான் அகப்படவில்லை.
எழுத்தெண்ணிப் பார்த்தால் எதுவும் ஐந்து மூன்று ஆகவில்லை.
அப்புறம்தான் உறைத்தது:
புள்ளிக்கு ஒரு பெட்டி, கொம்புக்கு ஒரு பெட்டி.
அந்தக் கருவி மெய்யையும் உயிரையும்
பிரித்து எண்ணியிருக்கிறது.
அழகான எழுத்துருவை நீக்கினேன்.
திரை முழுக்கக் கட்டங்கள்.
பதினோராவது வரியில்
ஐந்து. இடைவெளி. மூன்று.

பீஷான் பணிமனையில் ஹைக்கலுக்கு இரவு வேலை.
ரயில்கள் தூங்கும் நேரம், விழித்திருப்பான்.
இணைப்பை அனுப்பினேன்.

"சத்தமே இல்லை."
தொடு. யாராவது தொடாமல்
உலாவி தானாகப் பாடாது, அதன் சட்டம்.

மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன, துள்ளின.

"பேட்டரி ஏன் நிறைய இருக்கு?
நமக்கு எந்த நாள் நிறைய இருந்தது?"

சரிதான். கோப்பைத் திறந்தேன்.
பச்சையை அழித்துக்கொண்டிருக்கும்போது
இன்னொன்று வந்தது:

"இந்தப் பாட்டில்
புல்லாங்குழல் உண்டா?"

உண்டு.
வலது பக்கம் மட்டும்.
உண்டு என்று அடித்தேன், அனுப்பவில்லை.
கடைசிவரை கேட்கட்டும்.
கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள்,
பிடிக்கவில்லை, மறுபடி உதைத்தார்கள்.
பேட்டரிக்கு
ஒரு கோடு சிவப்பு வைத்தேன்,
நாலு நிமிடப் பாட்டுக்குப் போதுமான அளவு.